செத்தது நாலு ஆடு, ஏட்டில் ஒன்றும் இல்லை



2022 டிசம்பரை நம்மட கிழக்கில் மாடு வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டோம். மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் ஓரிரு நாளுக்குள் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆடு மாடுகள் செத்து விழுந்தன. நோயாக இருக்குமோ என்று பயந்தோம். பிறகுதான் குளிர் தாங்காமல் இறந்தன என்றார்கள். பெரும்போகம் தொடங்கியதும் வயல் பக்கம் போக முடியாமல், மேய்ச்சல் தரையும் சுருங்கி, மழையில் நனைந்து மெலிந்து நின்ற மாடுகள் அவை.

மூன்று வருடம் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தது. கால்நடைகளை இழந்தவர்களுக்குக் கொடுப்பனவு என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல விடயம், வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்றை யோசிப்போம். கொடுப்பனவு இழப்பைத் தேடி வருவதில்லை, பதிவைத் தேடித்தான் வருகிறது. கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, காதில் இலக்கம் இருக்கிறதா, மாட்டுக்கு வவுச்சர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வளவுக்குள் நாலு ஆடு வளர்த்து, பெருநாளைக்கு ஒன்றை விற்று பிள்ளைக்கு கொப்பி வாங்கும் தாயிடம் இதில் எது இருக்கும்? வாரத்துக்கு மாடு பார்க்கும் பட்டிக்காரருக்கும் இதே கதிதான். மாடு செத்தால் அவருடைய பங்கும் செத்துவிடும். பணமோ சொந்தக்காரரின் கணக்குக்குப் போகும்.

ஆகவே பதிவில்லாதவர்களின் இழப்பை கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு ஏற்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்கிறோம். பங்குக்கு வளர்ப்பவரின் பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் பிழை இருக்கிறது. பதிந்தால் வரி வரும், வயலுக்குள் மாடு போனால் பிடித்துவிடுவார்கள் என்று ஒளித்து வைக்கிறோம். அனர்த்தம் வந்த பிறகு வரிசையில் நின்று கோபப்படுகிறோம். இன்னும் சிலர் அஞ்சு செத்தால் பதினைந்து என்று எழுதுகிறோம். அந்தப் பத்து மாட்டின் காசு யாருடையது? படிவம் கிடைக்காத அந்தத் தாயின் பங்கு அது. நாற்பது ஆடு சேர்ந்தால் ஒரு ஆடு ஸகாத் என்று எண்ணிக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எண்ணிக்கையில் பொய் சொல்வது நமக்குப் பொருந்துமா?

அடுத்த மழைக்கு முன் ஒரு வேலை செய்வோம். ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளி நிர்வாகம் ஒரு மேசை போடட்டும். எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் ஆடு மாடு வைத்திருப்போரின் படிவங்களை நிரப்பிக் கொடுக்கட்டும். கால்நடை வைத்தியரை ஒரு நாள் ஊருக்கு அழைப்போம். கையெழுத்து வைக்கத் தயங்கும் தாய்மாரின் வீட்டுக்கு நாமே போவோம்.

காசு வரும்போது ஓடுவதைவிட, காசு வரும் வழியை முன்கூட்டியே திறந்து வைப்பது நல்லது.

அல்லாஹ் நம் அனைவரின் ஹலாலான உழைப்பிலும் பறக்கத் செய்வானாக. ஆமீன்.