பளபளக்கும் சப்பாத்தும் வழுக்கும் பனியும்

குளிர்நாடுகளில் வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு ஆலோசனை வழங்குவதற்கென்றே ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. முன்னே போனவர் பின்னே வருகிறவருக்கு வழி சொல்வது நல்ல வழக்கம்தான். ஆயினும், அந்த ஆலோசனைகளுள் ஒன்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெளியே கணுக்கால் புதையும் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தாலும், நேர்முகத் தேர்வுக்கு மெல்லிய தோல் சப்பாத்துடன்தான் போக வேண்டுமாம். பனிக்காலப் பாதணியுடன் வாசலை மிதித்தால் 'நேற்று வந்து இறங்கியவன்' என்று எண்ணிவிடுவார்களாம். பெண்பிள்ளை என்றால், குதி உயர்ந்த சப்பாத்து என்ற தண்டனையும் கூடவே விதிக்கப்படுகிறது.

உப்புவெளிக் கடற்கரையில் இருப்பவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். எங்களுக்குப் பனி இல்லை, மழை உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை திருகோணமலையை நனைத்தெடுக்கும். அந்த நாள்களில் கச்சேரிக்கோ கல்வித் திணைக்களத்துக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளை என்ன செய்கிறது? பாட்டாச் செருப்புடன் பேருந்து ஏறுகிறது. சப்பாத்து பைக்குள் இருக்கிறது. அலுவலக விறாந்தையில் காலைத் துடைத்துச் சப்பாத்தை அணிந்துகொண்டு உள்ளே நுழைகிறது. இதைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. காவலாளி தன் நாற்காலியைக்கூட நகர்த்திக் கொடுப்பார். வாசல் என்பது பாதணி மாற்றும் இடம் என்பது, வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வெறுங்காலோடு நுழையும் சமூகத்துக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லாத பாடம். விமானம் ஏறியதும் இந்தப் பாடம் எங்கே போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

வேலை தேடுகிறவரின் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் பெரும்பாலும் வாகனம் இருப்பதில்லை. ஸ்காபரோவின் 3ஆம் இலக்க ரயில் பாதை 2023 ஜூலையில் நிகழ்ந்த தடம்புரள்வுக்குப் பின் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. காற்று வீசும் தரிப்பிடத்தில் இருபது நிமிடம், இறங்கியபின் பனி அள்ளப்படாத நடைபாதையில் பத்து நிமிடம். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். தோலால் ஆன வழுவழுப்பான அடிப்பாகத்துக்கு அதன்மீது பிடிமானம் இல்லை. விழுந்தால் மணிக்கட்டு முறியலாம், இடுப்பு முறியலாம். வேலையே கிடைக்காதவருக்கு மருத்துவ விடுமுறை ஏது, சம்பளம் ஏது?

பனிக்கென்றே விற்கப்படும் பாதணிகளின் நிலையே பாராட்டும்படி இருந்ததில்லை. ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தளத்தைச் சரிக்கக்கூடிய ஒரு பனிக்கட்டி ஆய்வறையில் மனிதர்களை நடக்கவிட்டுப் பாதணிகளைச் சோதித்தனர். குறைந்தபட்சத் தேர்ச்சி, 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நடப்பது. நடைபாதை வீதியோடு இணையும் இடத்துச் சரிவை ஒட்டி வைக்கப்பட்ட அளவு அது. 2016ல் வெளியான முதற் பெறுபேற்றின்படி, சோதிக்கப்பட்ட 98 வகைப் பாதணிகளில் தேறியவை 8 வீதம் மட்டுமே! பனிக்கென்று செய்தவையே இவ்வாறாயின், அலுவலக விரிப்பில் நடப்பதற்காகச் செய்த சப்பாத்தின் கதி என்ன? இதை அறிந்த பின்னும் 'மிடுக்கு முக்கியம்' என்று சொல்பவரை நலன்விரும்பி என்று எப்படி அழைப்பது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்த மிடுக்குக்காக இத்தனை ஆபத்தோ, அந்த மிடுக்கு அலுவலக வாசலை அடையும் முன்பே அழிந்துவிடுகிறது. பனியை உருக்க வீதியெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். நிலாவெளி உப்பளங்களுக்கு அயலில் வாழும் எங்களுக்கு உப்பின் குணம் தெரியும்; நீர் காயும், உப்பு தங்கும். ஈரம் உலர்ந்ததும் கறுப்புத் தோலில் வெள்ளைக் கோடு படிந்துவிடும். நனைந்த காலுறையுடன், விறைத்த விரல்களுடன், உப்புக் கோடு விழுந்த சப்பாத்துடன் நாற்காலியில் அமர்பவர், தம் திறமையைப் பற்றிப் பேசுவாரா, காலை நாற்காலிக்கு அடியில் ஒளிப்பாரா?

முதல் தோற்றம் முக்கியம் என்பதை நான் மறுக்கவில்லை. சேறு சொட்டும் பாதணியுடன் பிறருடைய அலுவலகத்துக்குள் நடந்து செல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. வழி எளியது. கணுக்காலை மூடும், நீர் புகாத, கறுப்பு அல்லது கடும் பழுப்பு நிறப் பாதணி ஒன்று. அடிப்பாகம் ஆழமான வரிகள் கொண்ட மென்மையான இறப்பராக இருக்கட்டும். தடித்த கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டு அளவு பாருங்கள். இறுக்கமான பாதணியில் கால் விரைவில் குளிரும். துப்புரவான சப்பாத்தும் உலர்ந்த காலுறையும் ஒரு துணிப்பையில் இருக்கட்டும். கால்மணி நேரம் முன்னதாகப் போய், முன்கூடத்திலோ கழிவறையிலோ மாற்றிக்கொள்ளுங்கள். பாதணியில் மாட்டும் இரும்புப் பற்களை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். பளிங்குத் தரையில் அவையே வழுக்கும். மாற்றுச் சப்பாத்து வாங்க வசதியில்லையா? ஆடம்பரம் இல்லாத கறுப்புப் பனிப்பாதணியைத் துடைத்து, காற்சட்டையை அதன்மேல் விட்டு, அதனுடனேயே உள்ளே செல்லுங்கள். வீடு திரும்பியதும் வெள்ளை விநாகிரியும் நீரும் சம அளவில் கலந்து உப்பைத் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்துக் காயவிடுங்கள். வாழ்நாளெல்லாம் பத்திரிகைக்கு எழுதியவன் சொல்கிறேன்: ஈரத்தை உறிஞ்சுவதில் செய்தித்தாளை விஞ்ச ஏதுமில்லை.

ஆனால் முழுப் பொறுப்பையும் விண்ணப்பதாரியின் காலில் கட்டிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். பாதணியை வைத்து மனிதரை எடைபோடுவது நெடுநாளைய அதிகாரப் பழக்கம். பிரித்தானியர் ஆண்ட இந்தியாவில் அதிகாரியின் முன் சப்பாத்தைக் கழற்றுவது மரியாதையாக விதிக்கப்பட்டிருந்தது. 1862ல் சூரத் நீதிமன்றத்தில் மனக்ஜி கவாஸ்ஜி எண்டி கழற்ற மறுத்து நின்றார். 2015 டிசம்பரில் இலண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற பெண், குதி உயர்ந்த சப்பாத்து அணிய மறுத்ததால் முதல் நாளே வேலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் அதை விவாதித்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2017 ஏப்ரலிலும், ஒன்ராறியோ அதே ஆண்டின் இறுதியிலும், பெண் ஊழியரைக் குதி உயர்ந்த சப்பாத்து அணியுமாறு கட்டாயப்படுத்துவதற்குத் தடை கொண்டுவந்தன. சட்டம் கைவிட்ட கட்டாயத்தை நம் ஆலோசகர்கள் மட்டும் கைவிட மறுக்கிறார்கள்.

புதிதாய் வந்தவர் செலுத்தும் வரிகள் பல. அவற்றுள் பெரியது 'கனேடிய அனுபவம்' என்ற நிபந்தனை. அனுபவம் இன்றேல் வேலை இல்லை. வேலை இன்றேல் அனுபவம் எங்கிருந்து வரும்? ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013லேயே இதனை வெளிப்பார்வைக்கே பாகுபாடு என்று அறிவித்தது. 25 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் வேலை விளம்பரங்களில் அந்நிபந்தனையை இடக்கூடாது என்ற விதிக்கு, 2026 சனவரி 1 நடைமுறைத் திகதியாக விதிக்கப்பட்டது. விளம்பரத்திலிருந்து விரட்டப்பட்ட நிபந்தனை, 'இங்குள்ள முறைக்குப் பொருந்துவாரா' என்ற பார்வையாக மாறி நேர்முக அறைக்குள் புகுந்துவிடக்கூடாது. அந்தப் பார்வை முதலில் போய் நிற்கும் இடங்களில் காலும் ஒன்று.

ஆகவே தொழில் வழங்குநர்களிடம், அவர்களுள் இன்று கணிசமாக இருக்கும் நம்மவர்களிடம், சில கேட்கிறேன். பனிக்காலத்தில் நேர்முகத் தேர்வு வைப்பீர்களானால் வாசலில் ஒரு வாங்கு, ஒரு கால்மிதி, ஈரப் பாதணிக்கு ஒரு தட்டு வையுங்கள். 'பாதணி மாற்ற இடமுண்டு' என்று அழைப்பில் ஒரு வரி எழுதுங்கள். பனிப்புயலன்று தொலைபேசியிலோ காணொளியிலோ பேசுங்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் மண்டபம் எடுத்து விருந்து வைக்கின்றன. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விருந்தின் செலவில் சிறு பகுதியை ஒதுக்கினால் நல்ல பனிப்பாதணிகளை எல்லா அளவுகளிலும் வாங்கி, புதிதாய் வருவோருக்கு இரவல் கொடுக்கலாம். 1997ல் நியூயோர்க்கில் தொடங்கிய 'டிரெஸ் ஃபோர் சக்சஸ்' அமைப்பு, வேலை தேடும் பெண்களுக்கு நேர்முகத் தேர்வுக்கான உடையை இலவசமாகக் கொடுத்துவருகிறது. முன்மாதிரி நம் கண்முன்னே இருக்கிறது.

பிள்ளைகளே, பனி கொட்டும் நாளில் பனிப்பாதணியுடன் போங்கள். பையில் சப்பாத்து இருக்கட்டும். வாசலில் குனிந்து அதை மாற்றுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதைக் கண்டு முகம் சுளிப்பவரிடம் வேலை கிடைத்தாலும், இரண்டாவது குளிர்காலம் வரை அங்கே தங்க வேண்டுமா என்பதை நீங்கள் யோசிக்கலாம்.