எலக்ட்ரான் சுற்றவில்லை

அணு என்றதும் நம் மனத்தில் எழும் படம் ஒன்றுதான்: நடுவில் சூரியனைப் போல அணுக்கரு, அதைக் கோள்களாய்ச் சுற்றிவரும் எலக்ட்ரான்கள். பன்னாட்டு அணுசக்தி முகமையின் சின்னத்திலும் அதே நீள்வட்டங்கள். இந்தப் படம் தவறு. ‘பிள்ளைகளுக்காக எளிமையாக்கிய உண்மை’ என்று அதற்கு வக்காலத்து வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

அணுக்கரு உண்டென்று 1911-இல் ரூதர்போர்டு நிறுவினார். அதைச் சுற்றி எலக்ட்ரான் ஓடினால், ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழந்தாக வேண்டும். ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடிக் கூறாக்கினால், ஓரிரு கூறு கழிவதற்குள் அது அணுக்கருவில் விழுந்திருக்கும். 1913-இல் நீல்ஸ் போர் சில பாதைகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார். ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றல், 13.6 எலக்ட்ரான் வோல்ட், சரியாக வந்தது. அந்த விடையைக் காட்டித்தான் இன்றும் அந்தப் படத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு எலக்ட்ரான் கூடுதலாக உள்ள ஹீலியத்திலேயே கணக்கு படுத்துவிட்டது. கிராமர்ஸ், போர்ன், ஹைசன்பெர்க் போன்றோர் முயன்றும் அதன் 24.6 எலக்ட்ரான் வோல்ட் கிட்டவில்லை. 1926-இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு பிறந்த பிறகு, 1929-இல் ஹில்லராஸ்தான் அந்தக் கணக்கைத் தீர்த்தார்.

மாறியது விடை மட்டுமல்ல. அடிநிலை ஹைட்ரஜனில் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம் பூஜ்யம். அப்படியென்றால் அது சுற்றவே இல்லை. அதன் அலை மிகவும் செறிந்திருக்கும் இடம் அணுக்கரு இருக்கும் அதே புள்ளி. எந்தக் கோள் சூரியனுக்குள் குடியிருக்கிறது?

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பெரிலியம்-7 அணுவில், தன் எலக்ட்ரான்களில் ஒன்றை அணுக்கருவே விழுங்கி லித்தியமாகிறது. அரை ஆயுள் 53 நாள். நான்கு எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டால், விழுங்க ஏதுமின்றி அது சிதையாமல் நிலைத்துவிடும். எட்டத்தில் வட்டமிடுவதை எப்படி விழுங்குவது? ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலைக்கும் இதுவே மூலம்: எலக்ட்ரானின் காந்தத்தன்மை புரோட்டானை அது இருக்கும் இடத்திலேயே தொடுகிறது. 1951-இல் விண்ணிலிருந்து பிடிபட்ட அந்த அலையை வைத்துத்தான் பால்வீதியின் சுருள் கரங்களை வரைந்தார்கள். வட்டப் பாதையை நம்பும் மாணவனுக்கு இவற்றில் ஒன்றும் விளங்காது.

‘வேறு எந்தப் படத்தைக் காட்டுவது?’ என்று கேட்பார்கள். சி.வி. ராமன் ஆராய்ந்த மிருதங்கம் நம்மிடமே இருக்கிறது. அதன் தோல் நினைத்தபடியெல்லாம் அதிர்வதில்லை. அதற்கென்று சில வடிவங்கள்தாம். ஒரு வடிவத்தில் நடுப்பகுதி ஓங்கி அதிரும்; இன்னொன்றில் நடுவே ஒரு கோடு அசையாமல் நிற்க, இருபுறமும் மாறிமாறி எழுந்து தாழும். அணுவில் எலக்ட்ரான் அலை கொள்ளும் எஸ், பி எனப்படும் நிலைகளும் இதே சாயல் கொண்டவை. இதைப் புரிந்துகொள்ளப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கணிதம் தேவையில்லை. காதும் விரலும் போதும்.

ஆசிரியர்களே, அணுப்பாடம் வரும் நாளில் கரும்பலகையில் வட்டம் போடாதீர்கள். மேசைமேல் ஒரு மிருதங்கத்தை வையுங்கள்.