வித்தியாதானம் வேண்டாம்!

நமது தஞ்சை ஜில்லாவில் தானங்களுக்கு என்றைக்குமே குறைவு இருந்ததில்லை. கோதானம், பூதானம், அன்னதானம் எல்லாம் தாராளமாய் நடந்த பூமி இது. எல்லாவற்றிலும் மேலானது வித்தியாதானம் என்று பிரசங்கிகள் சொல்லவும் கேட்டிருக்கிறோம். ஆனால், அந்த வித்தை நெல் விளைவித்தவனுடைய தெருவுக்கு எத்தனை தலைமுறை கழித்து வந்து சேர்ந்தது என்று கேட்டால் மாத்திரம் பதில் கிடைப்பதில்லை.

பட்டணத்தில் படித்த வாலிபர்கள் சிலர் குக்கிராமங்களுக்குச் சென்று, சம்பளமில்லாமலோ சொற்பத் தொகைக்கோ பாடம் சொல்லிக் கொடுக்க முன்வருவதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம். ஆனால், தானம் செய்யப் போகிறோம் என்கிற எண்ணத்தை ஊர் எல்லையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள் என்கிறோம். ஏன்? தானம் என்றாலே கொடுப்பவன் மேல், வாங்குபவன் கீழ் என்றுதானே அர்த்தம்? படித்தவன் படித்த செலவில் நாற்று நட்டவளின் உழைப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே அவள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதாகுமே ஒழிய தர்மமாகாது.

எழுத்தில்லாமையால் வந்த கேடு கொஞ்சமா? 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவன் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் இருந்தான். மரக்கால் கணக்கே தெரியாதவன் தன் கூலி நெல் குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பான்?

நிற்க, சமீபத்திய அனுபவம் ஒன்றைப் பார்ப்போம். கொரோனா நோயால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் சிறு பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தன. அந்த இடைவெளியை அடைக்கச் சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 2021 அக்டோபரில் ஆரம்பித்தது. முதலில் எடுத்துக்கொண்ட 12 ஜில்லாக்களில் தஞ்சையும் நாகையும் இருந்தன. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகைக்கு, மாலை வேளையில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு' என்ற நாட்டில், உபாத்தியாயராய் நின்றது பெண்கள்!

இதில் நாம் கற்க வேண்டிய பாடம், பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும் என்பதே. மேலத் தெருவில் பாயை விரித்துவிட்டு, 'சேரிப் பிள்ளைகள் வரவில்லை, அவர்களுக்கு அக்கறையில்லை' என்று சொல்வது அயோக்கியத்தனம். வயலுக்கு அப்பால் உள்ள தெருவிலேயே போய் உட்காருங்கள். நடவு நாளில் தாய் வயலில் இருப்பாள். மூத்த பெண் கைக்குழந்தையோடு வருவாள். குழந்தையோடேயே உட்கார வையுங்கள்.

அடுத்தபடியாக, எழுத்தோடு கேள்வியையும் சொல்லிக் கொடுங்கள். காவிரியில் தண்ணீர் ஏன் வருகிறது என்று பிள்ளை கேட்டால், குடகில் பெய்த மழையையும், 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணையையும் காட்டுங்கள். தெய்வத்தின் கிருபை என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்.

இன்னொன்று. தொண்டர் வந்துவிட்டார் என்று சர்க்கார் உபாத்தியாயர் வேலையைக் காலியாய் வைக்க நாம் ஒருநாளும் இடங்கொடுக்கலாகாது. தொண்டர் இன்று வருவார், நாளை போவார். பள்ளிக்கூடம் நிலைக்க வேண்டும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991ல் அறிவொளி இயக்கத் தொண்டர்களிடம் எழுத்துக் கற்ற பெண்கள், அத்தோடு நிற்காமல் சைக்கிள் ஓட்டக் கற்று வீதிக்கு வந்தார்கள். பிறர் தயவில்லாமல் தாங்களே போகக் கற்றார்கள், அதுவல்லவா படிப்பு!

ஆகவே வாலிபர்களே, போங்கள்! ஆனால் நீங்கள் திரும்பும் நாளில் அந்த ஊரார் உங்களுக்கு மாலை போட வேண்டியதில்லை. 'எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயர் எங்கே?' என்று தாங்களே மனு எழுதி, தாங்களே கையெழுத்துப் போட்டால், அதுவே நீங்கள் செய்த வேலைக்கு அத்தாட்சி.