வீட்டுக் கல்வியும் "பொது அறிவு"ப் புத்தகமும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் வசதியுள்ள சில குடும்பங்களில் இப்போது கிளம்பியிருக்கிறது. அதற்குக் கருவியாக, ஒன்றாம் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று என்பதாக வகுப்புவாரியாக அச்சிட்ட "பொது அறிவு"ப் புத்தகங்களை அடுக்காக வாங்கி வைத்துக்கொண்டு, தினம் பத்துக் கேள்வி, பத்துப் பதில் என்று நெட்டுருப் போட வைக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர்த் தோழர்கள் சிலர் இதைப்பற்றி நம்மைக் கேட்பதால், நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

புத்தகத்தின்மேல் நமக்கு விரோதமில்லை. படிப்பே ஒரு கூட்டத்தாரின் பிதுரார்ஜித சொத்தாய் இருந்த நாட்டில், உலக விஷயம் காசுக்குக் கிடைக்கிறதென்றால் அது நல்லதே. ஆனால் அதிலிருந்து பிள்ளைக்கு வருவது அறிவா, மனப்பாடமா என்பதே நமது கேள்வி.

தேசியப் பறவை எது? மயில். சரி, பிள்ளை ஒப்பித்துவிட்டது. அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லும் புரோகிதனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? "ஏன்? எப்படி?" என்று கேட்காத பதில், எந்தப் பாஷையிலிருந்தாலும் மந்திரந்தான்.

நமது ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்களாம். கல் மிதந்து வந்து இங்கே கரை சேர்ந்ததாம். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது. "அப்பர் கரையேறிய இடம் எது?" என்று கேட்டுப் பதில் எழுதிக்கொண்டால் பொது அறிவு ஆகிவிடுமா? பிள்ளையிடம் ஒரு கருங்கல்லையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொடுங்கள். போட்டுப் பார்க்கட்டும். எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த ஒருவகைக் கல், காற்றுத் துளைகள் நிறைந்திருப்பதால் மிதக்கும் என்பதையும், அதைப் பக்தன் போட்டாலும் நாஸ்திகன் போட்டாலும் ஒன்றுபோலவே மிதக்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அதுவே அறிவு.

இது வெறும் தர்க்கமல்ல, உயிர் விஷயம். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மாத்திரம் 600-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலீஷ்ப் பெண், இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் படித்ததைக் கொண்டு, கடல் நுரைத்துப் பொங்கும் குறியைக் கண்டு கூவினாள், கரையிலிருந்தோர் தப்பினார்கள். "சுனாமி எந்தப் பாஷைச் சொல்?" என்பதற்கு விடை மாத்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தால் யாரைக் காப்பாற்றியிருப்பாள்? நம் கரையில் மாண்டவர்கள்மேல் குற்றமில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காத சமுதாயத்தின்மேல்தான் குற்றம்.

இன்னொன்று. வீட்டுக் கல்வி இந்நாட்டுக்குப் புதிதா? தகப்பன் தொழிலை வீட்டில் மகன் கற்பதுதானே வருணாச்சிரமம்! 1953-ல் ராஜாஜி கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம் போதும், மிச்ச நேரம் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். அதைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், நாடே எதிர்த்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சராய் வந்ததும் அத்திட்டம் ஒழிந்தது. பள்ளியில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். வீட்டில் யார் பக்கத்தில் உட்காருவார்கள்? இந்த ஏற்பாட்டுக்காக உத்தியோகத்தை விட்டு அடுப்பங்கரைக்குத் திரும்புகிறவர் தகப்பனாரா, தாயாரா? பள்ளியில் குறை இல்லையா என்றால், ஏராளமாக உண்டு. ஊர்க் குளத்தில் பாசி பிடித்தால் ஊரார் கூடித் தூர்வார வேண்டுமேயல்லாது, வசதியுள்ளவன் தன் வீட்டில் கிணறு வெட்டிக்கொண்டு போனால் மற்றவன் எதைக் குடிப்பான்?

ஆகவே தோழர்களே! புத்தகத்தை வாங்குங்கள், பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்புங்கள். மாலையில் தெருப் பிள்ளைகளையும் திண்ணையில் சேர்த்து உட்கார வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும், "இது எப்படித் தெரியும்? சோதிக்க முடியுமா? தப்பென்று தெரிந்தால் மாற்றுவார்களா?" என்று மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். 2006-ல் வானநூலார் கூடிப் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கினார்கள், புத்தகங்களும் திருத்தப்பட்டன. நமது பஞ்சாங்கத்திலோ, இல்லாத ராகு கேதுக்கள் இன்னும் கிரகங்களாய் உட்கார்ந்திருக்கின்றன. இந்த வித்தியாசத்தை உணர்ந்த பிள்ளை எந்த வகுப்புப் புத்தகத்தைப் படித்தாலும் சரி, அதற்குப் பொது அறிவு வந்துவிட்டது என்றே சொல்லுவோம்.