கடலின் கணக்கு கரையிலேயே எழுதப்பட வேண்டும்

வடபகுதிக் கடல் பற்றிய செய்தி இல்லாத நாளே இல்லையெனலாம். இந்திய இழுவைப் படகுகளின் அத்துமீறல், கைதுகள், அறுத்தெறியப்பட்ட வலைகள், பேச்சுவார்த்தைகள் எனச் செய்திகள் தொடர்கின்றன. ஆனால், அழிந்து வருவதாக நாம் முறையிடும் இக்கடல் முன்னர் எந்தளவு வளத்தோடு இருந்தது என்ற கேள்விக்கு விடையளிக்கும் கணக்கு நம்மிடம் முழுமையாக இல்லை. இக்குறை எவ்வளவு பாரதூரமானது என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடல்வள விஞ்ஞானி டானியல் பௌலி, 1995 இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில் இதனைத் தெளிவாக விளக்கியிருந்தார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலைத் தொடங்கிய நாளில் கண்ட கடலையே இயல்பான கடலென எண்ணுகின்றது. அதன்பின் ஏற்படும் இழப்பை மட்டுமே அது கணக்கில் எடுக்கின்றது. முந்திய இழப்பு மறக்கப்பட்டு விடுகின்றது. 1920களில் டென்மார்க் கடலில் வலைகளில் சிக்கிய பெரும் சூரை மீன்களைத் தொல்லையாகக் கருதிய மீனவர் ஒருவரின் நினைவை அவர் இதற்கு எடுத்துக்காட்டினார். பின்னர் அத்தகைய மீன் அங்கே இருந்ததென்பதே பலருக்கு வியப்பாகிவிட்டது.

அரசுகள் அளிக்கும் மீன்பிடிப் புள்ளிவிபரங்களில் சிறு மீனவரின் பிடி உரியவாறு சேர்வதில்லை என்பதையும் பௌலியும் அவரது சகாக்களும் 2016 இல் எடுத்துக்காட்டினர். 1996 இல் உலகின் கடல் மீன்பிடி உத்தியோகபூர்வக் கணக்கின்படி 8.6 கோடி தொன். அவர்களது மதிப்பீட்டின்படி அது 13 கோடி தொன்.

இக்கருத்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிக நெருக்கமானது. இங்கே தலைமுறைகளுக்கு இடையிலான தொடர்ச்சியே போரினால் அறுந்துபோனது. கடல்வலயத் தடைகளும் பாஸ் நடைமுறையும் தொழிலை முடக்கின. தீவின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டியின் மக்கள் 1990 இல் வெளியேறினர். துறைமுகம் 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. 1983 இல் இருபது வயது இளைஞராகக் கடலுக்குச் சென்றவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 2009 இன் பின்னர் படகேறிய இளைஞர் கண்டதோ, இழுவை மடிகளால் ஏற்கெனவே வாரப்பட்ட கடலையே. ஆழம் குறைந்த பாக்கு நீரிணைப் பகுதியில் அடித்தளத்தை உரசிச் செல்லும் இம்மடிகள், இறாலும் மீன்குஞ்சுகளும் தங்கி வளரும் கடற்புல் திடல்களையும் சேர்த்தே அழிக்கின்றன.

இந்த நினைவு தமிழ் மீனவரிடம் மட்டும் எஞ்சியிருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள், மன்னார் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் கடலை நம்பி வாழ்ந்தோரும் அடங்குவர். அவர்களுள் மூத்தோர் பலர் புத்தளத்திலே முதுமையடைந்தனர். அவர்கள் அறிந்த கடலும் இதே கடல்தான். அவர்களை விடுத்து எழுதப்படும் எந்தக் கணக்கும் அரைகுறையானதே. அது நீதியானதும் அன்று.

கணக்கின்மை வெறும் கல்விசார் குறைபாடன்று. 2017 ஜூலையில் நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. இந்தியா அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. நமது கரையிலும் சட்டம் முழுமையாக நடைமுறைப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். மறுபுறம், களப்புகளிலும் கரையோரங்களிலும் கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. வருமானம் கிடைக்கிறதென ஒரு சாராரும், வலை விரிக்கும் இடம் பறிபோகிறதென மறுசாராரும் கூறுகின்றனர். முன்னைய நிலை பதிவாகாதவிடத்து, யார் கூறுவது சரியென எவ்வாறு தீர்மானிப்பது? உரத்துப் பேசுபவரின் கூற்றே உண்மையாகிவிடும்.

ஆகவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இணைந்து மூன்று பணிகளை உடன் ஆரம்பிக்க வேண்டும் என வலியுறுத்துகின்றோம். தமிழ், முஸ்லிம் மூத்த மீனவரின் நினைவுகளை இடம், பருவம், மீன்வகை, வலைவகை என வகுத்துப் பதிவுசெய்வது முதலாவது. ஒவ்வொரு இறங்குதுறையிலும் அன்றாடப் பிடியை எழுதி, அக்கணக்கை மீனவர் பார்வைக்கு வைப்பது இரண்டாவது. புதிய பண்ணை எதற்கும் அனுமதி வழங்குமுன் அவ்விடத்தின் கடற்புல்லையும் மீன்வளத்தையும் அளந்து பதிவுசெய்வது மூன்றாவது.

இவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. ஆனால் காலம் குறைவு. மூத்த மீனவர் ஒருவர் மறையும்போது, எழுதப்படாத ஏடொன்றும் அவரோடு மறைகின்றது. நாளை தமிழக மீனவருடனோ கொழும்புடனோ பேசச் செல்லும் நம்மவர் கையில் முறையீடு மட்டுமன்றிக் கணக்கும் இருக்க வேண்டும். இழந்தது எவ்வளவு என்று அறியாதவர், மீட்க வேண்டியது எவ்வளவு என்று கேட்க முடியாது.