சட்டையிலே ஏலக்காய் மணக்குமா?

பாயசத்திலே ஏலக்காய் மணக்கும். தேநீரிலே மணக்கும். சட்டையிலே மணக்குமா?

மணக்க வைக்கலாம். சட்டையின் மார்பில் ஏலக்காய்ப் படம் ஒன்றை அச்சடித்து, அதை விரலால் தேய்த்தால் கமகமவென்று வாசனை வரும்படி செய்யலாம். இது மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாம் அச்சு மையில் இருக்கிற சங்கதி.

நமது தபால் துறையே இதைக் காகிதத்தில் செய்து காட்டி இருக்கிறது. 2006-ல் சந்தன மணம் வீசும் தபால் தலை வந்தது. 2007-ல் ரோஜா, 2008-ல் மல்லிகை, 2017-ல் காப்பி! குட்டி நாடான பூடான் 1973-லேயே ரோஜா மணக்கும் தபால் தலையை வெளியிட்டது.

மைக்குள் மணம்

வாசனை எண்ணெயை அப்படியே மையில் ஊற்றினால் பயன் இல்லை. காற்றிலே போய்விடும். ஆகவே எண்ணெயைத் துளித்துளியாக்கி, ஒவ்வொரு துளியையும் மெல்லிய கூட்டுக்குள் அடைக்கிறார்கள். கூடு எவ்வளவு பெரிது? ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதிலே சில கூறுதான். கண்ணுக்குத் தெரியாது.

கடையில் பில் எழுதும்போது, கார்பன் தாள் வைக்காமலே அடித்தாளிலும் எழுத்து விழுகிறது அல்லவா? அதற்காக 1950-களில் அமெரிக்காவில் கண்டுபிடித்த வித்தை இது. அங்கே கூட்டுக்குள் சாயம். இங்கே வாசனை. அவ்வளவுதான் வேற்றுமை.

இந்தக் கூடுகளை மையில் கலந்து, வலை கட்டிய பிரேமில் ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுத்தால் துணியில் படம் விழும். சூட்டில்தான் கவனம் வேண்டும். பனியனில் பளபளவென்று தடித்து நிற்கும் பிளாஸ்டிக் மைக்கு 160 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டில் மணம் பறந்துவிடும். எனவே குறைந்த சூட்டில் காயும் தண்ணீர் மைதான் இதற்கு ஏற்றது. சட்டையைத் தேய்க்கும்போது கூடு உடையும், மணம் வரும். சலவைக்குச் சலவை குறைந்துகொண்டே போய், ஒருநாள் வெறும் படம் மட்டும் மிஞ்சும்.

எந்த ஏலக்காய்?

இதுவரை சரி. "ஏலக்காய் மணம்" என்று சட்டையில் எழுதுகிறார்களே, அது எந்த ஏலக்காய்? வழக்கு இங்கேதான் இருக்கிறது.

ஏலக்காய் மணத்துக்கு முக்கியமான பொருள்களில் ஒன்று சினியோல். அது யூகலிப்டஸ் தைலத்திலும் நிறைய உண்டு. மற்றவற்றையும் தொழிற்சாலையில் செய்துவிடலாம். ஒரு காய்கூடச் சேராமலே ஏலக்காய் வாசனை தயார்!

காயை விளைவிக்கிறவர்கள் படும் பாட்டைப் பாருங்கள். விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கும. கூலிப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலக்காய் மாங்காய் போல உயரத்தில் தொங்காது. செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் எடுக்க வேண்டும். மழை, சகதி, அட்டை எல்லாம் உண்டு. நாலைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய்.

பிறகு அது போடிக்கும், கேரளத்தின் புற்றடிக்கும் விற்பனைக்கு வருகிறது. ஏலத்தையே ஏலம் விடும் ஊர் போடி! பச்சை நிறம், பருமன், வெடிப்பு இல்லாத தோல் - இவை இருந்தால் உயர்ந்த விலை. வெடித்த காய், வெளுத்த காய், பொடிக் காய் எல்லாம் மட்ட விலைக்குப் போகும். தோல் வெளுத்தாலும் உள்ளே விதையில் எண்ணெய் இருக்கிறது. வாசனை எண்ணெய்க்கு நிறம் எதற்கு? பருமன் எதற்கு? கண்ணுக்கு அழகில்லாத இந்தக் காய்களைத்தான் எண்ணெய் எடுக்க அனுப்ப வேண்டும்.

கணக்குப் போடுவோம்

"நிஜ எண்ணெய் கட்டுப்படி ஆகாது" என்று பட்டறைக்காரர்கள் சொல்லலாம். ஒரு சட்டைக்கு ஒரு கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ஏல விதையில் நூற்றுக்கு 6 பங்கு எண்ணெய் உண்டு என்று கொள்வோம். அப்படியானால் தோலோடு சேர்த்துச் சுமார் 25 கிராம் காய் போதும். கிலோ 2,000 ரூபாய் என்று கொண்டால் 50 ரூபாய். மட்டக் காயானால் இன்னும் குறையும். எண்ணெய் எடுக்கும் கூலியும் கூடு கட்டும் செலவும் தனி. செயற்கை வாசனையை விட இது கூடுதல்தான். ஆனால் 600, 700 ரூபாய்ச் சட்டைக்குத் தாங்க முடியாத பாரம் அல்ல.

இதனால் ஏலமலை முழுவதும் செழித்துவிடும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆயிரம் சட்டைக்கு 25 கிலோ காய்தான் செலவாகும். மட்டக் காய்க்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைப்பார். சிறு விவசாயிக்கு அதுவும் லாபமே.

செயற்கை வாசனையே போடக் கூடாது என்பதல்ல வாதம். போடட்டும், "செயற்கை" என்று எழுதிப் போடட்டும். ஏலக்காய்ப் படத்தைப் போட்டு, ஏலமலையின் பெயரையும் போட்டு, உள்ளே வேறு ஒன்றை வைப்பது மலையேறிக் காய் எடுத்தவளின் பேரைத் திருடுவதாகும்.

இயற்கை என்றாலும் எச்சரிக்கை வேண்டும். ஏலக்காய் எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் லிமோனீன், லினலூல் ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. ஐரோப்பாவில் விற்கும் சோப்பில் இவை ஓர் அளவுக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி எழுத வேண்டும். இரண்டு நிமிடத்தில் கழுவிவிடும் சோப்புக்கு இந்தக் கட்டாயம். நாள் முழுவதும் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் சட்டைக்கு இல்லை! இது என்ன நியாயம்? கூடு செய்யும் பொருளையும் கவனிக்க வேண்டும். சில கூடுகள் பார்மால்டிஹைடு சேர்ந்த பிசினால் ஆனவை. வேண்டுமென்றே சேர்க்கும் நுண் பிளாஸ்டிக்குகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டு வந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குச் சட்டை அனுப்பும் திருப்பூர் இதை மறக்கக் கூடாது. கைக்குழந்தையின் சட்டைக்கு வாசனை மையே வேண்டாம். அது சட்டையை வாயில் வைத்துச் சப்பும்.

பனியனின் கழுத்துப் பட்டியில் ஒரு சீட்டு இருக்கிறது. பருத்தி நூற்றுக்கு எத்தனை, எப்படித் துவைப்பது என்றெல்லாம் அதில் அச்சடிக்கிறார்கள். "வாசனை: காயில் எடுத்தது" அல்லது "வாசனை: செயற்கை" என்று இன்னும் ஒரு வரி போட அதிலே இடம் இருக்கிறது.