உடற்பயிற்சிக் கடிகாரம் காட்டும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

இதய நோயிலிருந்து மீண்டு வருவோரும் நீரிழிவு உள்ளோரும் நடைப்பயிற்சியின்போது ஸ்மார்ட் வாட்ச் அணியும் வழக்கம் பெருகியுள்ளது. அது காட்டும் எண்ணைக் கொண்டு மருந்தையோ பயிற்சியையோ மாற்றுவதற்கு முன், இரண்டு பண்புகளை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது ஏற்புடைமை: கருவி தான் அளப்பதாகக் கூறுவதைச் சரியாக அளக்கிறதா என்பது. இரண்டாவது நம்பகத்தன்மை: மாறாத நிலையில் மீண்டும் அளந்தால் அதே விடை கிடைக்கிறதா என்பது. ஒவ்வொரு முறையும் 2 கிலோ கூட்டிக் காட்டும் எடைக் கருவிக்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை.

ஒரே கருவி, வெவ்வேறு தரம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தனர். அவற்றுள் 6 கருவிகளின் இதயத்துடிப்பு அளவீட்டில் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. கலோரிச் செலவிலோ, மிகச் சிறந்த கருவியின் சராசரிப் பிழையே 27 விழுக்காடு. இதயத்துடிப்பைக் கருவி தோலடி இரத்த ஓட்டத்திலிருந்து ஒளியின் மூலம் கணிக்கிறது. கலோரியை அசைவு, வயது, எடை போன்றவற்றிலிருந்து ஊகிக்கிறது. ஆகவே, கடிகாரம் காட்டும் கலோரியை நம்பி உணவையோ இன்சுலின் அளவையோ மாற்றுதல் கூடாது.

இரத்தச் சர்க்கரை

தோலைத் துளைக்காமல் தாமாகவே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லை என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலினைக் கூடுதலாகச் செலுத்தினால், சில மணி நேரத்திற்குள் சுயநினைவு இழப்பும் உயிரிழப்பும் நேரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டு நாடியை விரலால் 1 நிமிடம் முழுவதும் எண்ணிக் கடிகார அளவுடன் ஒப்பிடுங்கள். இதனை மும்முறை செய்யுங்கள். தளர்ந்த பட்டை, குளிர்ந்த கை, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவை பிழையை மிகுவிக்கும்.

• பீட்டா பிளாக்கர் வகை மருந்து இதயத்துடிப்பின் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும். அதனை உட்கொள்வோர் கடிகாரம் வயதைக் கொண்டு விதிக்கும் இலக்கைப் பின்பற்றாமல், மருத்துவர் கூறும் இலக்கையே பின்பற்ற வேண்டும்.

• மார்பு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால், கடிகாரம் இயல்பான எண்ணைக் காட்டினாலும் பயிற்சியை உடனே நிறுத்தி, 108ஐ அழையுங்கள்.